வயலில் எண்ணெய்க் குழாய் உடைந்தது, கறுப்பை அள்ளிவிட்டார்கள். மண்ணுக்குள் என்ன மிச்சம் இருக்கிறது?

வெண்ணாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

திருவாரூர் மாவட்டத்தில் எங்கள் சித்தப்பா வயல் இருக்கிறது. எண்ணெய்க் கிணற்றிலிருந்து சேகரிப்பு நிலையத்துக்குப் போகும் குழாய் அந்த வயலுக்கு அடியில்தான் போகிறது. சம்பா பயிர் தூர் கட்டி நிற்கும்போது அது உடைந்து, கச்சா எண்ணெய் நடுவயலில் கொப்பளித்து வந்தது. பக்கத்து இரண்டு வயலுக்கும் பரவி, கொஞ்சம் கன்னி வாய்க்காலிலும் இறங்கிவிட்டது. ஆட்கள் வந்து குழாயை அடைத்தார்கள், கறுத்த மேல்மண்ணை வெட்டி லாரியில் ஏற்றினார்கள், செம்மண் கொண்டுவந்து கொட்டி மட்டம் செய்தார்கள். இப்போது ஒரு போகத்துக்கு இழப்பீடு தருகிறோம், இந்தத் தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள்.

பார்க்க வயல் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் குனிந்து மண்ணை எடுத்து முகர்ந்தால் இன்னும் டீசல் வாடை அடிக்கிறது. எண்ணெய் படாத ஓரத்தில்கூடப் பயிர் நுனி கருகுகிறது, அதுதான் எனக்குப் புரியவில்லை. இந்த நிலம் எப்போது பழையபடி ஆகும்? வாய்க்கால் மீனைத் தின்னலாமா? அடிபம்புத் தண்ணீரைக் குடிக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

களிமண்

முதலில் ஒன்று. கையெழுத்தை நிறுத்தி வையுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

எண்ணெய் படாத ஓரத்தில் நுனி கருகுகிறது என்றீர்களே, இந்த இழையில் முக்கியமான வரி அதுதான். கிணற்றிலிருந்து நேராக வரும் குழாயில் வெறும் எண்ணெய் மட்டும் ஓடுவதில்லை. நிலத்தடிப் பாறையில் எண்ணெயோடு சேர்ந்து கிடந்த உப்புத் தண்ணீரும் வாயுவும் கலந்துதான் வரும். சேகரிப்பு நிலையத்துக்குப் போன பிறகுதான் அவற்றைப் பிரிப்பார்கள். கிணறு பழசாக ஆக எண்ணெய் குறைந்து தண்ணீரின் பங்கு ஏறிக்கொண்டே போகும். அதனால் பழைய கிணற்றுக் குழாய் உடைந்தால், எண்ணெயைவிட அதிகமாக உப்புத் தண்ணீர் வயலில் பாய்ந்திருக்கவும் கூடும். எண்ணெய் கறுப்பாக மிதக்கும், கண்ணுக்குத் தெரியும். உப்புத் தண்ணீருக்கு நிறமில்லை. அது நிற்கிற தண்ணீரோடு கலந்து அடுத்த வயலுக்கு மடை வழியே போய்விடும். நுனி கருகல் உப்பின் அடையாளமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

எண்ணெயை நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும், தாமதமானாலும் சரி. உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. அதுவும் நம் டெல்டாக் களியில் சோடியம் ஏறினால் மண் துகள்கள் பிரிந்து குழம்பிப்போகும். காய்ந்தால் சிமென்ட் போல இறுகும், நனைந்தால் தண்ணீரை உள்ளே விடாது. இதற்கு ஜிப்சம் போட்டு, சோடியத்தை விடுவித்து, நல்ல தண்ணீர் கட்டிக் கழுவி வடிக்க வேண்டும். ஆனால் ஆய்வு செய்யாமல் ஜிப்சம் போடாதீர்கள். கழுவிய தண்ணீரைப் பாசன வாய்க்காலில் விடாமல் வடிகாலில் விட வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் உப்பு கீழ்மடைக்காரர் வயலுக்குப் போய்ச் சேரும்.

இழப்பீடு பேசுகிறவர்கள் கணக்கில் எடுப்பது கறுப்பு பட்ட பரப்பளவை மட்டும்தான். உப்பு பட்ட பரப்பு அதைவிடப் பெரிதாக இருந்தால்? அதனால்தான் கையெழுத்து வேண்டாம் என்றேன்.

கூறைநாடு

எல்லாவற்றையும் பயத்தோடு பார்க்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. 1980களிலிருந்து நரிமணம், கமலாபுரம், குத்தாலம், கோவில்களப்பால் என்று எண்ணெய் எடுக்கிறார்கள். ஊரில் சிலருக்கு வேலையும் கிடைத்திருக்கிறது. கச்சா எண்ணெய் இயற்கையான பொருள். மண்ணில் இருக்கும் பாக்டீரியா அதைத் தின்றுவிடும். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் பெமிஜி என்ற ஊருக்கருகே 1979இல் குழாய் உடைந்து 17 லட்சம் லிட்டர் கொட்டியது. அதை வைத்து அரசு விஞ்ஞானிகளே பல வருடம் ஆராய்ந்து, நுண்ணுயிர்கள் தாமாகவே சுத்தம் செய்கின்றன என்று நிரூபித்தார்கள். இதைச் சொன்னால் கம்பெனி ஆள் என்பீர்கள். நான் விவசாயிதான்.

களிமண்

உங்களை அப்படிச் சொல்ல மாட்டேன் அண்ணே. பெமிஜி நல்ல உதாரணம், ஆனால் முழுதாகச் சொல்ல வேண்டும். அங்கே அள்ள முடிந்ததை அள்ளிய பிறகும் சுமார் 4 லட்சம் லிட்டர் மண்ணிலேயே நின்றுவிட்டது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1983 முதல் அந்த இடத்தைத் தொடர்ந்து ஆராய்கிறது. நிலத்தடி நீரில் கரைந்த பென்சீனை (கச்சா எண்ணெயில் இருக்கும் நச்சுப் பொருள்) நுண்ணுயிர்கள் சிதைப்பதும், அது பரவும் தூரம் அதனால் கட்டுப்படுவதும் அங்கே தெளிவாகத் தெரிந்தது, உண்மை. ஆனால் எண்ணெய் நாற்பது வருடத்துக்குப் பிறகும் நிலத்துக்கடியில் இருக்கிறது. தானாகச் சரியாகும் என்பதன் அளவு அதுதான். அது மணல் பாங்கான மண், சுற்றிலும் காடு. அங்கே யாரும் வருடத்துக்கு இரண்டு போகம் நடவு நடவில்லை, பதினைந்தடி ஆழத்தில் அடிபம்பு போட்டுக் குடிக்கவும் இல்லை.

இன்னொன்று. எண்ணெயை வேகமாகத் தின்னும் நுண்ணுயிர்களுக்குக் காற்று வேண்டும். தண்ணீர் கட்டிய நெல் வயலில் மேலே மெல்லிய படலம் தவிர அதற்குக் கீழே ஆக்சிஜன் கிடையாது. அங்கே சிதைவு மிக மெதுவாக நடக்கும். பிறகு, எண்ணெயில் கார்பன் மட்டுமே அதிகம், தழைச்சத்து இல்லை. அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். பயிருக்கு எதுவும் மிஞ்சாது. எண்ணெய் பட்ட வயலில் அடுத்த போகம் நட்டால் பயிர் வெளிறி நிற்பதற்கு இது ஒரு காரணம்.

இதிலிருந்தே வழியும் தெரிகிறது. ஒரு போகம் தண்ணீர் கட்டாமல் விட்டு, ஈரம் மட்டும் இருக்கும்படி பார்த்து, மாற்றி மாற்றி உழுது காற்று படவிட்டு, எருவும் தழைச்சத்தும் கொடுத்தால் சிதைவு வேகப்படும். டெரி நிறுவனம் உருவாக்கிய ஆயில்சாப்பர் என்ற பாக்டீரியாக் கலவையை இந்தியாவில் பல இடங்களில் பயன்படுத்தியிருக்கிறார்கள். எல்லாம் சாத்தியம்தான். ஆனால் அந்த ஒரு போகம் தரிசாகக் கிடக்குமே, அதற்கு யார் பணம் தருவது? உடைந்த போகத்துக்கு மட்டும் இழப்பீடு வாங்கிக்கொண்டு சுத்தம் செய்யும் போகத்துக்கு விவசாயி கைக்காசு போடுவது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

பழைய ஃபிட்டர்

குழாய் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். குழாய் ஏன் உடைகிறது என்று இங்கே யாரும் கேட்கவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

எண்ணெய், தண்ணீர், வாயு மூன்றும் சேர்ந்து ஓடும் குழாயில் தண்ணீர் கனமானது என்பதால் அடியில் தங்கும். வாயுவில் இருக்கும் கரியமில வாயு அந்தத் தண்ணீரில் கரைந்து அமிலமாகி இரும்பை உள்ளே இருந்து அரிக்கும். கடிகாரத்தில் ஆறு மணி இருக்கும் இடம் என்போம், அங்கேதான் பெரும்பாலும் ஓட்டை விழும். வெளியே இருந்து ஈரக் களிமண் அரிக்கும். அதைத் தடுக்க மேல்பூச்சும், குழாய்க்கு மெல்லிய மின்னோட்டம் கொடுத்து அரிப்பைத் தடுக்கும் மின்பாதுகாப்பும் உண்டு. பூச்சு உரிந்த இடத்தில் மின்பாதுகாப்பும் சரியாக இல்லையென்றால் குழாய் போய்விடும். அரிப்பைத் தடுக்கும் மருந்து குழாய்க்குள் போடுவார்கள். தேங்கிய தண்ணீரைத் தள்ளி எடுக்க உள்ளே பிக் என்ற கருவியை ஓடவிடுவார்கள். இவை ஒழுங்காக நடந்தால் குழாய் நீண்ட காலம் உழைக்கும். சின்ன விட்டமுள்ள பழைய குழாய்கள் பலவற்றில் பிக் விடவே முடியாது.

அப்புறம், அழுத்தம் குறைந்தால் கருவி காட்டிக்கொடுக்கும் என்று நம்பாதீர்கள். பெரிய உடைப்பைக் காட்டும். ஊசித் துளைக் கசிவைக் காட்டாது, அது நாள்கணக்கில் ஒழுகிக்கொண்டே இருக்கும். பெரிய உடைப்பிலேயே என்ன நடந்தது என்பதற்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைப் பாருங்கள். 2010 ஜூலை 25 அன்று மார்ஷல் என்ற ஊருக்கருகே குழாய் கிழிந்து எண்ணெய் கலமசூ ஆற்றுக்குப் போனது. கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர்கள் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு இரண்டு முறை மறுபடி பம்ப் செய்தார்கள். கொட்டியதில் பெரும்பங்கு அப்படிப் போனதுதான். 17 மணி நேரம் கழித்து வெளியாள் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. சுமார் 32 லட்சம் லிட்டர். கனமான பகுதி ஆற்றின் அடியில் போய்த் தங்கி, வருடக்கணக்கில் தூர்வாரினார்கள். அத்தனை கருவி இருந்தும் அப்படி. நம் வயல்களில் முதலில் கண்டுபிடிப்பது மாடு மேய்க்கிறவரும் தண்ணீர் பாய்ச்சப் போகிறவரும்தான். அவர்கள் போன் செய்தால் உடனே எடுக்க ஓர் ஆள் வேண்டும், குழாய்ப் பாதை முழுக்க அந்த எண் தமிழில் பெரிதாக எழுதியிருக்க வேண்டும்.

நாகூர் அலை

கரையிலிருந்து எழுதுகிறேன். 2023 மார்ச் தொடக்கத்தில் எங்கள் பட்டினச்சேரி கடற்கரையில் சி.பி.சி.எல். (சென்னை பெட்ரோலியம் நிறுவனம்) கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்ததை எல்லாரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். கடல் தண்ணீரில் எண்ணெய் படர்ந்தது, கண்ணும் மூக்கும் எரிந்தது. குழாயை அடைத்தால் மட்டும் போதாது, எடுத்தே ஆக வேண்டும் என்று மீனவ ஊர்கள் சேர்ந்து கடலுக்குப் போகாமல் நின்றன. அந்த மாதங்கள் எங்கள் கரையில் பங்குனி ஆமை முட்டையிட வரும் காலம். அதைப் பற்றி வெளியே அதிகம் பேசவில்லை.

வயல்காரர்கள் வாய்க்காலோடு பிரச்சினை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. வெட்டாறு நாகூரில்தான் கடலில் சேர்கிறது. பாமணியாறும் கோரையாறும் முத்துப்பேட்டைக் காயலில் போய் விழுகின்றன. அங்கே அலையாத்திக் காடு இருக்கிறது. அலையாத்தி மரம் சேற்றிலிருந்து மேலே நீட்டும் மூச்சு வேர்கள் வழியாகத்தான் காற்றை எடுக்கிறது. அந்த வேர்களின் துளைகளை எண்ணெய் அடைத்தால் கீழே இருக்கும் வேர் மூச்சுத் திணறும். மரம் உடனே சாகாது, இலை உதிர்ந்து மெதுவாகப் பட்டுப்போகும். சேற்றில் இறங்கிய எண்ணெய்க்கு அங்கேயும் காற்று கிடையாது, களிமண் அவர்கள் சொன்ன அதே கதைதான். இறால் குஞ்சும் நண்டும் மடவையும் வளர்கிற இடம் அது. மடை திறந்துவிட்டால் கண்ணைவிட்டு மறைந்துவிடும் என்று எண்ணெயைத் தள்ளிவிடுகிறவர்கள் எங்களை நினைத்துப்பாருங்கள்.

வெண்ணாற்றங்கரை

தள்ளிவிட்டது உண்மைதான் அண்ணே. ராத்திரியில் பதற்றத்தில் வடிகால் மடையைத் திறந்திருக்கிறார்கள், யார் என்று தெரியவில்லை. இனி அப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும்?

பழைய ஃபிட்டர்

தம்பி, முதலில் கிட்டேயே போகக் கூடாது. வாயு இருக்கும், பீடி நெருப்பு போதும் எல்லாம் பற்றிக்கொள்ள. காற்று அடிக்கும் திசையைப் பார்த்து, காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்கள். பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். தகவல் சொல்லி வால்வை மூடவைப்பதுதான் முதல் வேலை.

வாய்க்காலில் இறங்கிவிட்டால், கசிவுக்குத் தள்ளி ஆபத்தில்லாத இடத்தில் குறுக்கே மண் அணை போடுங்கள். அணைக்கு அடியில் ஒரு பி.வி.சி. குழாயைச் சாய்வாக வையுங்கள். எண்ணெய் வரும் பக்கத்தில் குழாயின் வாய் தண்ணீருக்குள் நன்றாக மூழ்கியிருக்க வேண்டும், மறுபக்கத்து வாய் உயரமாக இருக்க வேண்டும். அப்போது கீழே இருக்கும் தண்ணீர் மட்டும் போகும், மிதக்கும் எண்ணெய் அணையில் தங்கும். உப்பு கரைந்து போவதை இது தடுக்காது, எண்ணெயைத் தடுக்கும். வைக்கோலைச் சாக்கில் அடைத்துக் கயிறு கட்டி மிதக்கவிட்டால் எண்ணெயை ஓரளவு உறிஞ்சும். உறிஞ்சிய வைக்கோலைக் கொளுத்தாதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள். அது அபாயக் கழிவு, நிறுவனம்தான் எடுத்துப் போக வேண்டும்.

நாற்றங்கால்

நான் நடவுக்கும் களைக்கும் போகிறவள். இங்கே எல்லாரும் நிலம் வைத்திருப்பவர் கணக்கையே பேசுகிறீர்கள். எண்ணெய் வாடை அடிக்கிற வயலில் அரை நாள் குனிந்து நின்றால் தலை சுற்றும், காலில் கொப்புளம் வரும். அந்த வயல் தரிசாகக் கிடந்தால் எங்களுக்கு அத்தனை நாள் கூலி இல்லை. நிலக்காரருக்கு வரும் காசில் எங்களுக்குப் பங்கு உண்டா?

அறுப்பு முடிந்ததும் வாத்து மேய்க்கிறவர்கள் வருவார்கள். சிந்திய நெல்லும் நத்தையும்தான் வாத்துக்குத் தீனி. எண்ணெய் பட்ட வயலில் நத்தை இருக்காது. இறகில் எண்ணெய் ஒட்டினால் வாத்து நனைந்து குளிரில் செத்துப்போகும். கொக்கும் நாரையும் அப்படித்தான். அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. வாய்க்காலில் கெளுத்தியும் குரவையும் பிடித்துக் குழம்பு வைக்கிற வீடு எங்கள் தெருவில் எத்தனையோ. அந்த மீனைப் பற்றி யாராவது சொல்லுங்கள்.

களிமண்

சரியான கேள்வி அக்கா. எண்ணெய் வாடையடிக்கும் மீனையும் நத்தையையும் தின்ன வேண்டாம், செத்து மிதப்பதைத் தொடவே வேண்டாம். வாடை போய்விட்டது என்பதால் மட்டும் சுத்தம் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது, ஆய்வு முடிவு வரும்வரை அந்த வாய்க்காலை விட்டுவிடுவது நல்லது. பெரிய மீன் செத்து மிதப்பதை எல்லாரும் பார்க்கிறோம். ஆனால் எண்ணெயில் இருக்கும் வளைய ஹைட்ரோகார்பன்கள் மிகக் குறைந்த அளவிலேயே முட்டைக்குள் வளரும் மீன் கருவின் இதயத்தைக் கெடுக்கும். 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் விபத்துக்குப் பிறகு நடந்த ஆய்வுகளில் இது தெரியவந்தது. ஆக, இந்த வருடம் மீன் சாகவில்லை என்றாலும் அடுத்த வருடம் குஞ்சு குறையலாம்.

அடிபம்புத் தண்ணீர் பற்றி. பென்சீன் தண்ணீரில் கரையும், நிறம் காட்டாது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். நைஜீரியாவின் ஓகோனிலாந்து பகுதியில் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் ஆய்வு செய்து 2011இல் அறிக்கை தந்தது. ஓர் ஊரில் மக்கள் குடித்துக்கொண்டிருந்த கிணற்று நீரில் அந்த வரம்பைப்போல 900 மடங்குக்கு மேல் பென்சீன் இருந்தது. அந்தப் பகுதியை மீட்க 25 முதல் 30 வருடம் ஆகும் என்றும் எழுதினார்கள். நம் ஊரில் அவ்வளவு என்று சொல்ல வரவில்லை. சோதிக்காமல் இல்லை என்றும் சொல்ல முடியாது. கொதிக்கவைத்தால் சரியாகும் என்று வீட்டுக்குள் கொதிக்கவைக்காதீர்கள், ஆவியாகும் பென்சீனை மூச்சில் இழுப்பீர்கள். முடிவு வரும்வரை வேறு தண்ணீர் கேளுங்கள், ஊராட்சி லாரியில் கொடுக்கட்டும்.

கூறைநாடு

மீன் விஷயமும் உப்பு விஷயமும் எனக்குப் புதிது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாய் கசிந்தபோது நடந்தது நினைவிருக்கும். மக்கள் திரண்டார்கள், வைக்கோல் எரிந்தது, தடியடி நடந்தது, பேராசிரியர் ஜெயராமன் உட்படப் பலர் கைதானார்கள். அதன் பிறகு பேச்சு முழுக்கப் போராட்டம் பற்றியும் வழக்கு பற்றியும் ஆகிவிட்டது. அந்த வயலின் மண் என்ன ஆனது என்று யாரும் பேசுவதில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

நன்னிலம் வக்கீல்

கூறைநாடு சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதிராமங்கலம் மக்கள் தெருவில் உட்காராமல் இருந்திருந்தால் டெல்டாவில் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்துக்குப் பின்னால் கதிராமங்கலமும் நெடுவாசலும் இருக்கின்றன. அந்தச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்கிறது. ஏற்கெனவே ஓடும் குழாய்களைத் தொடவில்லை. பழசாகிக்கொண்டு இருப்பவை அவைதான்.

வெண்ணாற்றங்கரைக்கு: அந்தத் தாளில் 'முழுமையான, இறுதியான தீர்வு' என்ற பொருளில் ஏதாவது வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கையெழுத்து வேண்டாம். பயிர் இழப்புக்கான தொகையைப் பெற்றுக்கொண்டேன், மண், நீர் பாதிப்புக்கான உரிமை தொடர்கிறது என்று எழுதி வாங்கலாம். குழாய்க்கு நிலம் எப்படி எடுக்கப்பட்டது என்ற பழைய பத்திரத்தையும் தேடுங்கள். குத்தகையா, 1962ஆம் ஆண்டுக் குழாய்ப் பாதைச் சட்டப்படி பயன்பாட்டு உரிமை மட்டுமா என்பதைப் பொறுத்து வழி மாறும். அந்தச் சட்டப்படி என்றால் சேதத்துக்கான இழப்பீட்டைத் தகுதியுள்ள அதிகாரி நிர்ணயிப்பார், ஏற்காவிட்டால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம்.

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி இழப்பீடும், கெட்ட சூழலை மீட்டுத் தரும்படியும் கேட்கலாம். ஐந்து வருடம் வரை கால அவகாசம் உண்டு. விபத்தென்றால் யார் தவறு என்று நிரூபிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நாற்றங்கால் அக்காவுக்கு: அந்தப் பிரிவு மாசால் பாதிக்கப்பட்டவர் என்றுதான் சொல்கிறது, பட்டா வைத்திருப்பவர் என்று சொல்லவில்லை. கூலி இழந்த நாட்களையும், மருத்துவமனைச் சீட்டையும் சேர்த்து வையுங்கள், எல்லாரும் ஒன்றாக மனுப் போடலாம்.

கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் நகல் வாங்குங்கள். உடைந்த நேரத்தில் என்ன பயிர் நின்றது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

வெண்ணாற்றங்கரை

தாளில் அந்த வரி இருக்கிறது ஐயா. சித்தப்பாவிடம் பேசிவிட்டேன், கையெழுத்துப் போடவில்லை. மாதிரி எப்படி எடுப்பது, எங்கே கொடுப்பது என்று மட்டும் சொல்லுங்கள்.

களிமண்

இரண்டு வகை சோதனை வேண்டும். உப்புக்கு வழக்கமான மண் பரிசோதனை நிலையமே போதும். மின்கடத்துதிறன், கார அமில நிலை இரண்டையும் கேளுங்கள், சோடியமும் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. தஞ்சாவூர் காட்டுத்தோட்டத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண், நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே கேட்டால் ஜிப்சம் அளவும் சொல்வார்கள். மின்கடத்துதிறன் மீட்டருக்கு ஒரு டெசிசீமன்ஸுக்குள் இருந்தால் பயப்பட வேண்டாம், மூன்றைத் தாண்டினால் நெல் விளைச்சல் குறையத் தொடங்கும்.

எண்ணெய்க்கும் பென்சீனுக்கும் அந்த ஆய்வகம் போதாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, அவர்கள் மாதிரி எடுக்கும்போது நீங்களும் கூட நில்லுங்கள், சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். தனியாக எடுத்து அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புவதானால் பிளாஸ்டிக் புட்டி கூடாது. தண்ணீரைக் கண்ணாடிப் புட்டியில் காற்றுக்குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோக வேண்டும்.

மண்ணை அரையடி, ஓரடி, இரண்டடி என்று ஆழம் ஆழமாகத் தனித்தனியாக எடுங்கள். கொட்டிய செம்மண்ணை மாதிரியாக எடுத்துவிடாதீர்கள், அதற்குக் கீழே இருக்கும் பழைய களிதான் வேண்டும். முக்கியமாக, எண்ணெயே படாத மேல்மடை வயல் ஒன்றிலும் அதே ஆழங்களில் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால், இந்த மண் முன்பே உப்பு மண்தான் என்று சொல்லிவிடுவார்கள். நாகை, திருவாரூர்ப் பக்கம் அந்தப் பதில் ரொம்பச் சுலபமாக வரும். குழாய் போகும் ஊர்களில் எதுவும் உடையாத இப்போதே எல்லாரும் ஒரு முறை மண்ணும் தண்ணீரும் சோதித்து அறிக்கையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் கேட்பதும் இதற்காகத்தான்.

கூறைநாடு

என் வயலுக்கும் நூறு அடி தள்ளி ஒரு குழாய் போகிறது. அறுப்பு முடிந்ததும் நான் எடுக்கிறேன். ஒரே வயலில் எத்தனை இடத்தில் எடுக்க வேண்டும்?

களிமண்

ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்து, ஆழவாரியாகக் கலந்து, அரைக் கிலோ கொடுங்கள் அண்ணே. வரப்போரம், எருக் குவித்த இடம், மர நிழல் வேண்டாம். குழாய்ப் பாதை மேலே எடுப்பதைக் கலக்காமல் தனிப் பொட்டலமாக வையுங்கள்.